எட்டாவது படம் இன்னும் காயவில்லை

கடைக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் காரியம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் டக்கென்று வைத்ததுதான்.

"இது கண்ணாடியா... இல்ல என்மேல ஏதாவது கோபமா உங்களுக்கு?"

வெளியே மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி... மூக்கின் நுனிவரை வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவன் அந்தச் சொட்டையே பார்த்தான். பார்த்திருக்க வேண்டியது கண்ணாடியை.

அவன் அந்தக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். கடை அவனுடையதும் அவன் அக்காவுடையதும். அக்கா நான்கு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு கிளையில் கண் பரிசோதனை செய்கிறாள். இங்கே இவன் ராஜ்ஜியம். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதனால் வீட்டிலும் கடையிலும் அவனுக்கு 'ஸ்க்ரூ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவனும் ஏதோ பட்டம் வாங்கியது போலப் பெருமையாகத்தான் வைத்திருந்தான்.

"என்ன பிரச்சினைன்னு சொன்னீங்கன்னா..."

"போன வாரம் இங்கதான் வாங்கினேன். போட்டுக்கிட்டு வரைஞ்சா வீடு சாயுது. கப்பல் சாயுது. மரம் சாயுது. பாம்பு ஒண்ணுதான் ஒழுங்கா வந்திருக்கு, ஏன்னா அது பொறக்கும்போதே கோணல்."

அவனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பற்றி அவனுக்கு எல்லாமே விளங்கும். எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். ஒரு பக்கக் கம்பி மேஜையில் உட்கார்ந்தது. இன்னொரு பக்கக் கம்பி அந்தரத்தில் நின்றது. இதன் மேல் உட்கார்ந்தீர்களா என்று கேட்டான். இல்லவே இல்லை என்றாள். சரி, படுத்தீர்களா என்று கேட்டான். அவள் மழையைப் பார்த்தாள்.

"படிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்," என்றாள், குரலில் பாதியைக் காணவில்லை.

வழியெல்லாம் சண்டைக்கென்று தயார் செய்துகொண்டு வந்த வசனங்கள் அத்தனையும் வீண். முகத்தில் அசடு வழிந்தது. அவன் சிரித்திருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, சிரிக்கவும் இல்லை. கம்பியைச் சூடான காற்றில் காட்டினான், வளைத்தான், அவளை உட்காரச் சொன்னான், கண்ணாடியை அவள் காதுக்குப் பின்னால் மெல்லச் செருகிச் சரிபார்த்தான்.

"என் மூக்கைப் பாருங்க. அங்க இங்க பார்த்தா அளவு தப்பிடும்."

ஒரு மனுஷன் ஒரு சாண் தூரத்தில் குனிந்து நிற்கும்போது மூக்கை மட்டும் யாரால் பார்க்க முடியும்? அவள் கண்ணை உயர்த்தினாள். மழை வெளிச்சத்தில் அவன் கண்கள் டீத்தூள் நிறத்தில் இருந்தன. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைக்கிற கண்கள்... ஆனாலும் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவையும் கொஞ்சம் தடுமாறின. அய்யோ, இமை எவ்வளவு நீளம்... ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளம், என்று அவளுக்குள் ஒரு குரல் முணுமுணுத்தது.

"அளவு தப்பிடுச்சு," என்றான் அவன். "மறுபடியும் பார்க்கணும்."

மறுபடியும் பார்த்தார்கள். இரண்டு பேருமே அவசரப்படவில்லை.

எழுந்த பிறகுதான் அவளுக்குப் பை நினைவு வந்தது. அடிப்பக்கம் ஈரம். பதறிக்கொண்டு திறந்தாள். உள்ளே கெட்டி அட்டையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற படங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் பரப்பினாள். அவன் லென்ஸ் துடைக்கிற துணியைக் கொண்டு வந்து, கேட்காமலேயே ஓரங்களை ஒற்றியெடுக்க ஆரம்பித்தான். வீடு, மரம், நாய், கரடி, மீன், சூரியன். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு எண்.

"குழந்தைங்க படம் பார்த்துப் படிக்கற சீட்டா? ரொம்ப நல்லாருக்கு."

"ம்," என்றாள் அவள்.

அந்த ஒரு 'ம்'மில்தான் வினை ஆரம்பித்தது. உண்மையை நாமாவது தெரிந்துகொள்வோம். அவை லெனோர்மான் சீட்டுகள், குறி பார்க்கிற சீட்டுகள். மொத்தம் முப்பத்தாறு. தனிப்படத்துக்கு அவ்வளவாக மதிப்பில்லை. பக்கத்தில் எது வந்து விழுகிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. நாய் என்றால் நண்பன். மோதிரம் என்றால் பந்தம். எட்டாவதான சவப்பெட்டி என்றால் ஏதோ ஒன்றின் முடிவு. இருபத்தெட்டாவது ஆண், இருபத்தொன்பதாவது பெண். குறி கேட்க வந்தவள் ஒரு பெண் என்றால், அந்தப் பெண் படம்தான் அவள். படத்துப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் விழுவது வரப்போவது. அவள் முதுகுப்பக்கம் விழுவது முடிந்துபோனது. இவ்வளவுதான் விஷயம்.

பிறகு ஏன் 'ம்' என்றாள்? குறிச்சீட்டு என்று சொன்னால் ஜனங்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்கள். ஒன்று, கேலியாகச் சிரிப்பார்கள். இல்லையென்றால், எனக்கு எப்போ கல்யாணம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். பகலில் பாடப்புத்தகங்களுக்குத் தவளையும் இதயத்தின் குறுக்குவெட்டும் வரைகிறவள் அவள். மிச்ச நேரமெல்லாம் இரண்டு வருஷமாக இந்தச் சீட்டுக்கட்டுக்குத்தான். ஒரு சின்னப் பதிப்பகம் அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது, அடுத்த மாதக் கடைசிக்குள் முழுக்கட்டும் கைக்கு வர வேண்டும் என்ற கெடுவோடு. முப்பத்தைந்து முடிந்துவிட்டது. இருபத்தெட்டாவது மட்டும் பாக்கி. வங்கிக் காவலாளியை வரைந்து பார்த்தாள், பஸ் கண்டக்டரை வரைந்து பார்த்தாள். எல்லாரும் கடைசியில் யாரோ ஒரு மாமா மாதிரியே வந்து நின்றார்கள்.

இப்போது அந்தக் கடையின் மூன்று சுவர்க் கண்ணாடிகளில் மூன்று பக்கமாக ஒருவன் தெரிந்தான். குனிந்து, கவனமாக, அவளுடைய மீனைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமா சாயல் மருந்துக்கும் இல்லை.

"உங்களை வரைஞ்சுக்கலாமா?" என்று கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் காது சூடானது.

மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை கடைக்கு இடைவேளை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவன் ஸ்டூலில் உட்காருவான். அவள் எதிரே பலகையை மடியில் வைத்துக்கொள்வாள். முதல் நாள் அவன் விறைத்துக்கொண்டு உட்கார்ந்த லட்சணத்தைப் பார்த்து, அடையாள அட்டைக்கா எடுக்கறோம் என்று கேட்டாள். இரண்டாவது நாள் கொஞ்சம் இளகினான். மூன்றாவது நாளிலிருந்து வாயை மூடச் சொல்லித்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

படங்களின் மொத்தக் கணக்கை வைத்து அவளுக்கு 'முப்பத்தாறு' என்று பெயர் வைத்தான். கடைக்கு வந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டுவிட்டு, பார்த்தால் அவ்வளவு வயசு தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தேழு என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லலாமா என்றிருந்தது அவளுக்கு.

படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவனுக்கு அலாதி ஆர்வம். குழந்தைகளுக்கு அரிவாள் எதற்கு என்றான். விவசாயம் தெரிய வேண்டாமா என்றாள். சரி, சாட்டை எதற்கு? பம்பரம் விட. அவள் வாய்க்கு வந்த பதில்களைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை.

"ஏழு இருக்கு. ஒம்பது இருக்கு. எட்டு எங்க?"

"இன்னும் காயல."

சவப்பெட்டியை எந்தக் குழந்தைக்கு என்று சொல்லி நீட்டுவது? அது அவள் பையின் உள்ளறையில், காய்ந்து மாதக்கணக்காகி, பத்திரமாக இருந்தது. நான்கு வாரமாக வாரத்துக்கு மூன்று நாள் அவன் கேட்டான். மூன்று நாளும் அது காயாமலே இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். அப்போதுதான் அவன் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான்... நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். ஒரே படத்துக்கு ஏன் நான்கு வாரம் என்று நீங்கள் கேட்கலாம். பத்து நாளிலேயே படம் முடிந்துவிட்டது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் பலகைப் பக்கம் எட்டிப் பார்த்து, முடிந்தது தெரிந்தும், கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை. அன்றும் மழை. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே தெருவில் ஓடுகிற தண்ணீரும், போகிற வருகிற கால்களும் தெரிந்தன. அவன் தன் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அக்கா படித்தது, கடை வைத்தது, தனக்கு லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொடுத்தது... பேச்சோடு பேச்சாக, நான் கல்யாணத்தைப் பற்றி யோசிக்காததற்கும் அக்காதான் காரணம் என்றான். அவள் பென்சில் நின்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்களாம். பையன் நல்ல வேலை, நல்ல குடும்பம். அப்பா தலைகால் புரியாமல் இருந்தாராம். அந்த வாரம் பொருட்காட்சிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனது இவன்தான். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கூடாரம், சீட்டு போட்டுக் குறி சொல்கிற இடம். அக்கா தமாஷாக உள்ளே போனாள். இவன் வெளியே ராட்டினத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தவள், இந்தச் சம்பந்தம் வேண்டாம், சீட்டில் கெட்ட சேதி வந்திருக்கிறது என்றாளாம். அன்றோடு எல்லாம் நின்றுவிட்டது. அக்கா இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள்.

"மூணே மூணு சீட்டு. மோதிரமாம், சவப்பெட்டியாம், நடுவுல ஒரு பொண்ணாம். யாரோ ஒரு பொண்ணு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டா. எங்கக்கா வாழ்க்கை போச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்... அவ இப்படி இருக்கும்போது நான் எப்படிங்க?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். நீலக் கூடாரம். ராட்டினம். மோதிரம், பெண், சவப்பெட்டி.

அந்தக் கூடாரம் அவளுடைய சிநேகிதியின் கூடாரம். அரைமணி பார்த்துக்கொள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று உட்கார வைத்துவிட்டுப் போனாள். இவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தாள். சிரித்த முகமாக ஓர் அக்கா வந்து உட்கார்ந்தாள். இவள் மூன்று சீட்டு போட்டாள். புத்தகத்தில் இருந்த படத்தில் அந்தப் பெண் வலப்பக்கம் பார்ப்பாள். அன்று விழுந்ததில் வலப்பக்கம் சவப்பெட்டி, இடப்பக்கம் மோதிரம். முன்னால் ஒரு முடிவு வருகிறது, மோதிரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, என்று புத்தகத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். அந்த அக்கா சட்டென்று எழுந்து போய்விட்டாள். சீட்டுகளை அடுக்கும்போதுதான் கவனித்தாள்... சிநேகிதியின் சீட்டுக்கட்டில் பெண் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரம்தான் முன்னால் இருந்தது. முடிந்துபோன ஏதோ ஒன்றுதான் பின்னால். சொன்னது அத்தனையும் தலைகீழ்.

கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பொருட்காட்சி முழுக்க ஓடித் தேடினாள். ஆள் அகப்படவில்லை. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் சீட்டு போட்டதே இல்லை. பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கண் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கட்டு வரைய வேண்டும் என்று கிளம்பியதன் காரணமே அந்தச் சாயங்காலம்தான்.

தலைவலி என்று ஏதோ சொல்லிக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் கடைப் பக்கம் போகவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம்... யாருக்குத் தெரியப்போகிறது? சீட்டுக்கட்டில் வேறு பெயர் போட்டு அச்சடிக்கலாம். அவனிடம் 'ம்' சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டலாம். நினைக்கும்போதே அவன் லென்ஸ் துணியால் மீனின் ஓரத்தை ஒற்றியது கண்முன் வந்தது. சே, இவனிடம் போயா பொய் சொல்வது என்று இருந்தது. மூன்றாம் நாள் மதியம் போய், பையின் உள்ளறையிலிருந்து எட்டாவது படத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். இது குழந்தைகள் சீட்டு இல்லை என்பதை. நீலக் கூடாரத்தை. தப்பாகப் படித்ததை. ஓடித் தேடியதை. ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாக ஒன்றையும் சேர்க்கவும் இல்லை. அவன் சவப்பெட்டிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஒரு சின்னப் பூ வரைந்திருந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டரை ஆயிடுச்சு," என்றான். "கடையைத் திறக்கணும்."

ஷட்டரை மேலே தள்ளினான். முகம் பேயறைந்தது போல இருந்தது. அவள் படத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். குடையை விரிக்கவும் தோன்றவில்லை.

ஐந்து நாள் போனது. பதிப்பகத்திலிருந்து கட்டு எங்கே என்று கேட்டார்கள். எல்லாம் தயாராகத்தான் இருந்தது, அவன் படம் உட்பட. ஆனால் கொடுக்கக் கை வரவில்லை. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்காமல் இன்னொரு கட்டை ஊருக்குள் அனுப்புவதா? அவன் போனது போனதுதான்... அதையாவது செய்வோம் என்று ஆறாம் நாள் காலையில் நான்கு தெரு தாண்டி அந்தக் கிளைக்குப் போனாள்.

சின்னக் கடை. முன்னால் ஒரு பெஞ்சு. அதில் ஓர் அம்மாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமைகளை இறுக்க மூடி, கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டோடு வந்தவளைப் பார்த்ததும் இவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே சிரித்த முகம். கண்ணைப் பரிசோதிக்க வந்தீர்களா என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்ல வந்தேன்."

நீலக் கூடாரத்தில் தொடங்கி, தம்பியின் கடையில் உட்கார்ந்து வரைந்தது வரை நின்றபடியே சொன்னாள். மோதிரம் முன்னால்தான் இருந்தது அக்கா, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன், என்னால்தான் உங்கள் கல்யாணம் நின்றது, என்று முடிக்கும்போது கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டி எதுவும் தெரியவில்லை. அதனால் அக்காவின் முகம் எப்படியெல்லாம் மாறியது என்பதை அவள் பார்க்கவில்லை. கேட்டது சிரிப்பொலியை மட்டும்தான்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சில் இருந்த அம்மாள், என்ன விஷயம் என்று மூடிய கண்ணோடு தலையைத் திருப்பினார்.

"அந்த மாப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? கல்யாணத்துக்கு அப்புறம் கடையை மூடிடணும், பொம்பளை கடையில உக்கார்றது எங்க வீட்டுல பழக்கமில்லன்னான். அப்பாகிட்ட சொன்னேன். அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்னுட்டார். நான் சொன்னா கேக்க மாட்டார்ம்மா, ஆனா ஜோசியம் சொன்னா கேப்பார். அதான் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லித் தம்பியை நச்சரிச்சேன். அவனுக்குத் தெரியாம மொதல்ல கைரேகை பார்க்கற ஆள். கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கும்னான். அடுத்தது நட்சத்திரம் பார்க்கற ஆள். அவனும் ஜாம்ஜாம்னான். நீ மூணாவது. நீ முடிவுன்னு சொன்னதும், உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் போல இருந்துச்சு. நீ வேற மாத்திச் சொல்லிடப் போறியேன்னுதான் எழுந்து ஓடினேன்."

ஆறு வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டுவிட்டு, இதையா தூக்கிக்கொண்டு திரிந்தாய் என்று கேட்பது போலிருந்தது அவளுக்கு.

"ஆனா சீட்டுல மோதிரம்தான்க்கா முன்னாடி இருந்துச்சு..."

"அப்ப சீட்டுதான் தப்பு. நீ சொன்னதுதான் சரி," என்றாள் அக்கா. பிறகு சிரிப்பு நின்றது. இந்த ஆறு வருஷமாகத் தம்பி அந்தச் சீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருப்பது தெரியும். அப்பா காதுக்குப் போய்விடுமே என்று நான்தான் சொல்லாமல் விட்டேன் என்றாள். ஐந்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, இரண்டு பேருக்கு லென்ஸ் மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டான் என்றும் சொன்னாள். காரணம் இப்போதுதான் புரிகிறது என்று இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

பத்து நிமிஷத்தில் அவன் வந்தான். ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது, தோளெல்லாம் நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அக்கா நடந்ததைச் சொன்னாள், ஒளிக்காமல். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆறு வருஷம்க்கா. நான் கூட்டிட்டுப் போனதாலதான்னு ஆறு வருஷமா நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ உன்னையே திட்டிக்கறேன்னு எனக்குத் தெரியாதுடா. அவளைத்தான் திட்டறேன்னு நெனைச்சேன். தப்புதான், மன்னிச்சிடு. ஆனா ஒண்ணு கேளு. எனக்கு வேணும்கறப்ப நானே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்குவேன். எனக்காக நீ வரிசையில நிக்க வேண்டாம்."

அவன் அக்காவின் தோளில் ஒரு நிமிஷம் நெற்றியை வைத்தான். பிறகு நிமிர்ந்து இவள் பக்கம் திரும்பினான். இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பெஞ்சுவரை கேட்டிருக்கும். அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க குறி சொன்னது கூட எனக்கு அவ்வளவு வலிக்கல," என்றான். "நாலு வாரம் எதிர்லயே உக்காந்திருந்தேன். என்கிட்ட சொல்லலாம்னு உங்களுக்குத் தோணலியே... அதுதான்."

"மொதல்ல சொல்லாம இருந்தது, உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்து." அவள் கைவிரல்களை முறுக்கிக்கொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "அப்புறம் சொன்னது... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு. பிடிச்சவங்க முன்னாடி பொய்யோட உக்காந்திருக்க முடியலங்க."

மழை மட்டும் கூரையில் சடசடவென்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"தம்பி என்ன பண்றார்?" என்றார் பெஞ்சிலிருந்த அம்மாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே..."

"கண்ணைத் திறக்காதீங்கம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றாள் அக்கா.

"அப்ப நீயாவது பார்த்துச் சொல்லு."

"காது செவந்திருக்கு. வாயைத் திறக்கறான்... மூடறான்."

"அக்கா, நானே சொல்லிக்கறேன்." அவன் இரண்டு அடி முன்னால் வந்தான். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும்னு முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. அஞ்சு நாளாக் கோபம். கோபத்தோட கேக்கக் கூடாதுன்னு, அது எப்பப் போகும்னு உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். இப்பப் போயிடுச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... உங்களைத்தான் பிடிச்சிருக்கு. பண்ணிக்கலாமா?"

"ம்," என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்த முறை முழுசாகச் சொல்ல வேண்டும்.

"பண்ணிக்கலாம். எனக்குச் சம்மதம்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவன் அவள் கையை மெல்ல விலக்கிக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்கப் போய், சட்டையும் ஈரம் என்று தெரிந்து, என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நின்றான்.

"பொண்ணு அழறாளா, சிரிக்கறாளா?" என்றார் அம்மாள், பொறுக்க முடியாமல்.

"ரெண்டும்தாம்மா," என்றாள் அக்கா, கோட்டின் கையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.